கிளென்மார்கனின் இரண்டு ஓடைகள்

ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் தண்ணீரை மதகு எண்ணால் அறிவார்கள். கீழ்பவானி வாய்க்காலின் ஒற்றைப்படை மதகுகளுக்கு ஓர் ஆண்டு நன்செய்த் தண்ணீர் என்றால் இரட்டைப்படை மதகுகளுக்கு அந்த ஆண்டு புன்செய்த் தண்ணீர். அடுத்த ஆண்டு முறை மாறும். 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு இந்த முறையில்தான் விளைகிறது. அணை எத்தனை அடி, ஆகஸ்ட் 15க்குத் திறப்பார்களா என்பதோடு டீக்கடைப் பேச்சு முடிந்துவிடும். பவானிசாகருக்குள் வந்து விழும் பவானியும் மோயாறும் மேலே எந்த மண்ணிலிருந்து கசிந்து வருகின்றன என்று யாரும் பேசிக் கேட்டு நான் வளரவில்லை.

முனைவர் பட்டம் முடித்தபின் கிடைத்த ஆய்வு நல்கையோடு நீலகிரிக்குப் போனேன். மலைமேல் புல் இருந்த இடத்தில் மரம் வந்தால் ஓடையில் தண்ணீர் கூடுமா, குறையுமா என்பது என் கேள்வி. மரத்தண்டில் ஊசிபோன்ற உணரிகளைச் செருகி அது ஒரு நாளில் எவ்வளவு நீர் இழுக்கிறது என்று அளப்பது என் வேலை. அப்பாவுக்கு இதை விளக்கியபோது, "ஏங்கண்ணு, மரத்துக்கு ஊசி போடறதுக்கா இத்தன வருசம் படிச்சே?" என்றார். பிறகு சற்று யோசித்து, "மரம் வெச்சா மழை வரும்ன்னுதானே சொல்லறாங்க, அப்பறம் என்ன அளக்கறது?" என்றும் கேட்டார். அந்த இரண்டாவது கேள்விக்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2000 மீட்டருக்கு மேற்பட்ட நீலகிரிப் பீடபூமியின் பழைய அமைப்பு எளிமையானது. மேட்டிலும் சரிவிலும் புல். மடிப்புகளில், பள்ளங்களில், ஓடைக்கரையில் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை. அடிவாரத் தட்டையில் சதுப்பு. மார்கழி, தை மாதங்களில் உறைபனி புல்லைக் கருக்கிவிடும்; கோடை மழைக்கு மீண்டும் துளிர்க்கும். தோடர்களின் எருமைகள் மேய்ந்தது இந்தப் புல்லில்தான். அவர்களுடைய பால்கோயில்களின் கூரைக்கு வேண்டிய ஒருவகைப் புல் சதுப்பில் மட்டுமே விளையும். படகர்களின் ஊர்களான ஹட்டிகளைச் சுற்றிச் சாமையும் கோதுமையும் விளைந்தன. கோத்தர்கள் இரும்பும் மண்பாண்டமும் கொடுத்தார்கள், குறும்பர்கள் தேனும் மருந்தும் கொண்டுவந்தார்கள்.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்கு ஏறிவந்ததிலிருந்து இந்த நிலத்தின் கணக்கு மாறத் தொடங்கியது. 1820களில் உதகமண்டலத்தில் கல்வீடு எழுந்தது, ஓடையை மறித்து ஏரி வந்தது. நிலத்தின் மேல் தோடர்களுக்கு முழு உரிமை உண்டு என்று வாதாடிய அதிகாரியும் இதே சல்லிவன்தான். அந்த வாதம் எடுபடவில்லை. வந்தவர்களின் கண்ணுக்குப் புல்வெளி யாரோ மரத்தை வெட்டி அழித்துவிட்டுப் போன வெற்றிடமாகத் தெரிந்தது. மரம் இருக்கவேண்டிய இடத்தில் மரம் இல்லை என்று முடிவுகட்டினால், அங்கே மரம் நடுவது தருமம் ஆகிவிடுகிறதல்லவா?

அந்த முடிவு தவறு என்பதற்கான சான்று சதுப்பின் அடியிலேயே கிடந்தது. சாண்டிநல்லாவின் சதுப்புக் கரியைத் தோண்டியெடுத்து அதிலுள்ள கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்த ஆர். சுகுமார் குழுவினர் 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளாகவே இந்த மலையில் புல் இருந்துவந்திருக்கிறது. குளிர்ந்து வறண்ட காலங்களில் புல் பரந்திருக்கிறது, ஈரமான காலங்களில் மரம் முன்னேறியிருக்கிறது. மனிதன் கோடரியோடு வருவதற்கு வெகுகாலம் முன்பே உள்ள புல்வெளி இது.

ஆங்கிலேயர் மரம் நட்டதற்கு அழகுணர்ச்சியைவிட அடுப்புதான் பெரிய காரணம். குளிர்ப் பிரதேசத்தில் ஒவ்வொரு பங்களாவிலும் கணப்பு எரியவேண்டும். 1850களில் குன்னூர் அருகே வெலிங்டனில் படைமுகாம் எழுந்தபோது விறகுத் தேவை பலமடங்கானது. அருகிலிருந்த சோலைகள் வெட்டுப்பட்டன. ஓடைகள் வற்றுவதாக அப்போதே அலறல் எழுந்தது. மரம் போனால் மழையும் ஊற்றும் போய்விடும் என்ற வாதத்தை மதராஸ் மாகாணத்தில் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் 1840களில் எழுதிவந்தார். மற்றொரு மருத்துவரான ஹியூ கிளெக்கார்ன் 1856இல் மாகாணத்தின் முதல் காடுகாப்பாளராக அமர்ந்தார். சோலையைக் காக்கவேண்டும் என்ற அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் சோலையைக் காப்பதற்காக விறகுக்கு வேறு மரம் வேண்டும், அதை நடப் புல்வெளி இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள்.

ஆஸ்திரேலியச் சீகை மரங்கள் 1830களிலேயே உதகைத் தோட்டங்களுக்கு வந்துவிட்டன. மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் 1843இல் நீலக் கற்பூர மரம் என்ற யூகலிப்டஸைக் கொண்டுவந்தார். 1856 முதல் விறகுக்காக ஒழுங்கான தோப்புகள் போடப்பட்டன. உதகைக்கு அருகே ஆரம்பியில் 1863இல் நட்ட தோப்பில் இன்றும் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்க்கவேண்டிய மரங்கள் நிற்கின்றன. வெட்டினால் அடியிலிருந்து நாலைந்து போத்துகள் கிளம்பும். பத்து ஆண்டில் மறுபடி வெட்டலாம். கழிந்த இலையைக் காய்ச்சித் தைலம் இறக்கலாம். விறகுப் பஞ்சத்தில் தவித்த ஒரு மலைவாச நகரத்துக்கு இது வரமாகவே தெரிந்திருக்கும். சோலை மரம் அத்தனை வேகமாக வளராது.

இந்த மரத்தால் ஓடை வற்றுமா என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. தோப்பு சிறியது, மலை பெரியது.

சுதந்திரத்துக்குப்பின் அளவு மாறியது. சென்னை, வேலூர், ஈரோட்டுப் பகுதிகளின் தோல் ஷாப்புகளுக்குப் பதனிடும் பட்டை வேண்டும். நாட்டு ஆவாரம்பட்டையோடு, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சீகைப்பட்டையையும் நம்பியிருந்த தொழில் அது. தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை 1946இல் இந்தியா நிறுத்திக்கொண்டது. அந்தப் பட்டைக்கு ஈடாக நீலகிரியிலும் பழனி மலையிலும் கருஞ்சீகை பெருமளவில் நடப்பட்டது. அடுத்து வந்தது செயற்கைப் பட்டு. சிறுமுகையில் பவானிக் கரையில் எழுந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும். கற்பூர மரமும் சீகையும் லாரி லாரியாக இறங்கின. புல்வெளியில் வளர்ந்த மரம் கீழே நூலாகி நெசவுக்குப் போயிற்று.

மற்ற மாற்றங்களும் இதே காலத்தவை. 1961இல் உதகை உருளைக்கிழங்கு வயலில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்கில் நம்பிக்கை இழந்த சிறு விவசாயிகளில் பலர் மெல்லத் தேயிலைக்கு நகர்ந்தார்கள். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை தர 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் அதுவே டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. இவற்றில் எதையும் வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. தாயகம் என்று சொல்லி அனுப்பப்பட்ட ஊரில் கால் வைக்க இடமில்லாதவர்களுக்கு அந்தத் தேயிலைதான் சோறு போட்டது. ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் கைவைத்த இடம் ஒன்றே: சோலையும் புல்லும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அதே மலையை அரசு தண்ணீருக்காகவும் நம்பியிருந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 3000 அடிக்கும் மேல் உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கிய நீர் கோவையின் மில்களைச் சுழற்றியது; கொங்கு நாட்டுப் பஞ்சாலைப் பெருக்கத்தின் பாதிக் கதை அந்தக் குழாயில்தான் இருக்கிறது. 1950, 60களில் கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து அணைகளைச் சுற்றியே சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. ஒரு துறை அணை கட்டிச் சொட்டு நீரையும் சேர்த்தது. மற்றொரு துறை அணையின் தலைமாட்டில் வேகமாக வளரும் மரத்தை நட்டது. இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் யாராவது எழுதிப் பார்க்கவேண்டியிருந்தது.

எழுதிப் பார்த்தவர்கள் உதகமண்டலத்திலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார். கிழங்கு வயல்களின் மண்ணரிப்பைப் பார்த்துப் பயந்த காலத்தில், 1954இல், அமைந்த மையம் அது. பைக்காராத் திட்டப் பகுதியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 32 ஹெக்டேர். ஒரே மழை, ஒரே மண், ஒரே சரிவு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஓடை. ஓடை வெளியேறும் வாயில் தடுப்பு கட்டி, நீர்மட்டத்தைத் தானாகப் பதியும் கருவி வைத்தார்கள். 1968 முதல் 1971 வரை எதையும் தொடாமல் இரண்டையும் சும்மா அளந்தார்கள். இந்த மழைக்கு இந்த ஓடை இவ்வளவு ஓடினால் அந்த ஓடை எவ்வளவு ஓடும் என்ற உறவு பிடிபட்டது. 1972இல் ஒன்றில் மட்டும் கற்பூர மரம் நட்டார்கள். முழுவதும்கூட அல்ல, 59 விழுக்காட்டுப் பரப்பில். மற்றது புல்லும் சோலையுமாகவே இருந்தது.

அமெரிக்காவின் கொலராடோவில் 1910இல் முதன்முதலாகச் செய்து பார்த்த முறைதான் இது. பொறுமைதான் இதன் மூலதனம். மரம் வளர்ந்து வெட்டும்வரை பத்து ஆண்டு. போத்து வளர்ந்து மறுபடி வெட்டும்வரை மேலும் பத்து ஆண்டு. இரண்டு ஆண்டு நல்கையில் வேலை செய்யும் என்னைப்போன்ற போஸ்ட்டாக் ஒருத்தி கனவிலும் தொடங்க முடியாத சோதனை. அரசு ஊழியர்கள் தலைமுறை தாண்டி ஒரே ஓடையின் வரைபடத்தாளை மாற்றிக்கொண்டே இருந்ததால் மட்டுமே முடிந்தது.

முதல் சுற்றின் முடிவு 1988இல் வெளியானது. மரம் நட்ட நீர்ப்பிடிப்பின் ஆண்டு ஓட்டம் 16 விழுக்காடு குறைந்திருந்தது. பத்து ஆண்டு கழித்து வெளியான இரண்டாம் சுற்றின் முடிவு இன்னும் மோசம்: 25 விழுக்காட்டுக்கும் சற்று மேல். வெட்டிய அடிமரத்துக்கு வேர் ஏற்கனவே ஆழத்தில் இருக்கிறது. புதுப் போத்துகள் முதல் நாளிலிருந்தே அந்த வேரால் குடிக்கத் தொடங்கிவிடுகின்றன. பாதிக்குச் சற்று அதிகமான நிலத்தில் மரம் வைத்ததற்கே ஓடையில் கால் பங்கு போனது. மழை நின்ற மாதங்களில் ஓடையை உயிரோடு வைத்திருக்கும் அடிநீர் ஓட்டமும் சேர்ந்தே குறைந்தது. கீழ்பவானி ஆயக்கட்டுக்காரிக்கு இந்தக் கடைசி வரிதான் உறைக்கிறது. ஐப்பசி மழையில் எல்லா ஓடையும் ஓடும். மாசியில் ஓடுகிறதா என்பதுதானே கேள்வி.

உலகத்துக்கு இது புதுச் செய்தி அல்ல. பாஷ், ஹியூலெட் என்ற இருவர் 94 நீர்ப்பிடிப்புச் சோதனைகளைத் திரட்டி 1982இல் எழுதிய கட்டுரையும் இதே திசையைத்தான் காட்டியது: பைன், யூகலிப்டஸ் தோப்பு கூடக்கூட ஓடை குறையும். ஆனால் நம் மலையில், நம் மழையில், நம் சம்பளத்தில் அளந்த எண் என்பதால் கிளென்மார்கனுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஏன் இப்படி? இங்கேதான் என் ஊசிகள் வேலைக்கு வருகின்றன. மரத்தண்டில் நீர் ஏறும் வேகத்தை வெப்பத்தால் அறியலாம் என்று ஜெர்மனியின் புரூனோ ஹூபர் 1932இல் காட்டினார். பிரான்ஸின் ஆந்த்ரே கிரானியே 1985இல் அதை எளிமையாக்கினார். இரண்டு சென்டிமீட்டர் ஊசிகள் இரண்டு. ஒன்றின்மேல் ஒன்றாகத் தண்டில் இறக்கவேண்டும். மேல் ஊசி சூடேறும், கீழ் ஊசி சும்மா இருக்கும். நீர் வேகமாக ஏறினால் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், இரண்டுக்குமான வெப்ப வேறுபாடு குறையும். இரவில் ஓட்டம் நிற்க, வேறுபாடு உச்சத்துக்குப் போகும். ஒரு டேட்டா லாகரும் கார் பேட்டரியும் இருந்தால் மரத்தின் நாடி கையில்.

நடைமுறையில் அவ்வளவு சுலபமில்லை. ஆடி மாதத்தில் மேகம் கலையாமல் சோலார் தகடு பட்டினி கிடக்கும். காட்டெருமை வயரில் கால் சிக்கி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். சோலைக்குள் அட்டை. எனக்குத் துணையாக வந்த வேட்டைத்தடுப்புக் காவலர் ஒருவர், கணினியில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "பனி விழற மாசத்துலகூட இது நிக்க மாட்டேங்குதே மேடம்" என்றார். விஷயத்தின் மையம் அதுதான். பனிக்காலத்தில் புல் கருகி உறங்கிவிடும். மண்ணுக்குள் இருக்கும் நீர் செலவில்லாமல் சதுப்புக்கும் ஓடைக்கும் கசியும். கற்பூர மரமும் சீகையும் பருவத்துக்கு மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. பகலில் வெயில் அடித்தால் தை மாதமும் அவற்றுக்கு வேலைநாள்தான். புல்லின் வேர் எட்டாத ஆழத்திலிருந்தும் இழுக்கும். அதோடு மழையின் ஒரு பங்கை இலைக்கூரையே பிடித்து, மண்ணைத் தொடவிடாமல் காற்றுக்கு அனுப்பிவிடும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். தினமும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் செலவானாலே கோடை முடிவில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1988இல் வந்த தேசிய வனக் கொள்கை காட்டை வருமானத்துக்கான தோப்பாகப் பார்ப்பதை மாற்றியது. அதையொட்டி மலைப் புல்வெளியில் புதுத் தோப்பு போடுவது நின்றது. முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்காவானது. வரையாட்டுக்கு வேண்டிய புல்வெளியை மீட்கச் சீகையை வெட்டும் வேலையும் அங்கே நடந்தது. ஆனால் சீகைக்கு வனக் கொள்கை தெரியாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீப்பட்டால் இன்னும் உற்சாகமாக முளைக்கும். நடுவது நின்றபிறகும் பரவுவது நிற்கவில்லை. 1973, 2017ஆம் ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளியில் ஏறக்குறைய கால் பங்கு, 340 சதுர கிலோமீட்டர், போய்விட்டது என்று கண்டது. நீலகிரி, பழனி, ஆனைமலைப் பகுதிகளில்தான் இழப்பு அதிகம்.

சரி, எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா? அயல் மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவுகள் இட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கையே வெளியிட்டது. திசை சரி. வேகத்தில்தான் கவனம் வேண்டும். செங்குத்துச் சரிவில் தோப்பை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் அடுத்த மழையில் மண் அணைக்குள் வந்து படுக்கும். பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. அங்கே கோடரி நஷ்டம்தான் தரும். வெட்டிய இடத்தில் நாட்டுப் புல் தானாக வந்துவிடாது. நாற்றங்காலில் வளர்த்துத் தூர் தூராக நடவேண்டும், முளைக்கும் சீகைக் கன்றை ஆண்டுக்கு ஆண்டு பிடுங்கவேண்டும். காலியான நிலத்தில் முதலில் குடியேறுவது பெரும்பாலும் இன்னொரு அயல் செடிதான். எனவே புதுப் பரவலை, சிறு கன்றுகளை, புல்லின் ஓரங்களில் நிற்பவற்றை முதலில் எடுக்கவேண்டும். நெருங்கிய பழைய தோப்பைக் கடைசிக்கு வைக்கவேண்டும். செலவும் குறைவு, பலனும் விரைவு.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மரம் வைத்தால் நல்லதுதான்; எங்கே, என்ன மரம், அங்கே அதற்கு முன் என்ன இருந்தது என்று கேட்டுவிட்டு வைக்கவேண்டும். கீழே எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு புங்கன் நட்டால் நான் கைதட்டுவேன். முக்கூர்த்திப் புல்லில் ஒரு லட்சம் கன்று நடப்போகிறோம் என்று விளம்பரம் வந்தால் அது ஓடையிலிருந்து திருடுவது. மரமில்லாத நிலத்தை வெறும் நிலம் என்று எண்ணும் பழக்கம் 1819க்குப்பின் மலைமேல் ஏறியது. கன்று நடும் விழாக்களில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

செய்யவேண்டியவை மூன்று என்று நினைக்கிறேன். மலைப் புல்வெளியையும் சதுப்பையும் சோலைக்குச் சமமான காடாக ஏற்றுப் பாதுகாக்கவேண்டும். சீகை அகற்றும் ஒவ்வொரு இடத்திலும், அகற்றுவதற்கு முன்பே ஓடையில் ஓர் அளவுத் தடுப்பு கட்டவேண்டும். இல்லையென்றால் கோடிக்கணக்கில் செலவழித்தும் தண்ணீர் திரும்பியதா என்று சொல்ல முடியாது. அந்த அளவீடு ஆய்வு நல்கையின் ஆயுளோடு முடியாமல், கிளென்மார்கனைப்போல இருபது ஆண்டு நிற்கவேண்டும். அதற்கு நிரந்தர ஆட்களும் நிரந்தரப் பணமும் வேண்டும்.

இதைக் கேட்கவேண்டியவர்கள் விஞ்ஞானிகள் மட்டுமல்லர். பவானிசாகர் எத்தனை அடி என்று தினமும் கேட்கும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கு அவர்களைவிட அதிக உரிமை உண்டு. அடுத்த பாசனக் கூட்டத்தில் மதகு முறையோடு சேர்த்து, மலைமேல் புல் எவ்வளவு மிச்சம் என்ற கேள்வியையும் எழுப்புங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் நீர்வளத் துறைக்கும் சேர்த்தே இருக்கிறது.